காந்தியடிகளைத் தேடிய கண்: ஏ. கே. செட்டியார் வாழ்வும் கலையும்

முக்கடலும் கூடும் குமரிமுனையில் காந்தி மண்டபம் எழுந்து நிற்கின்றது. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அண்ணலின் அஸ்தி இக்கடலில் கரைக்கப்பெற்றது. அதற்கு முன்னர் அஸ்திக் கலசம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த இடத்தில் இம்மண்டபம் 1956இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் நண்பகலில் கதிரவனின் ஒளி கூரையிலுள்ள துளை வழியே இறங்கி, கலசம் இருந்த இடத்தைத் தொடுமாறு அதனை அமைத்துள்ளனர். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவின்போதே இதனைக் கேட்டறிந்திருப்பர்.

இருண்ட இடத்தினுள் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்தி, குறித்த ஓரிடத்தில் விழச் செய்தல் என்பதே புகைப்படக் கருவியின் அடிப்படையும் ஆகும். இத்தத்துவத்தை ஆராய்ந்து தெளிவாக எழுதியவர்களுள் தலையாயவர், பசுரா நகரில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் ஆவார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூல், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தது. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவியது. பார்ப்பவன் தன் பார்வையைப் பொருளின்மேல் வீசுவதில்லை. பொருள் தரும் ஒளியைப் பணிவோடு ஏற்றுக்கொள்கிறான். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பெரியாரின் வாழ்வு இவ்வுண்மைக்கு மிக அணுக்கமானது. காந்தியடிகளின் வாழ்வை முழுநீள ஆவணப்படமாக முதன்முதலில் உருவாக்கிய தமிழர் ஏ. கே. செட்டியாரே அவர்.

அண்ணாமலை கருப்பன் செட்டியார் 1911ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். நகரத்தார் குடியில் பிறந்த ஓர் இளைஞர் அக்காலத்தில் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறுவது வழக்கந்தான். கொண்டு விற்கவும் கடன் கொடுத்து வாங்கவும் செல்வர், கணக்கேட்டோடு திரும்புவர். செட்டியாரும் இரங்கூனுக்குச் சென்றார். ஆனால் அங்கே அவர் கையிற் கொண்டது கணக்கேடன்று. ‘தனவணிகன்’ என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார். பின்னர்ப் புகைப்படக் கலையைக் கற்க வேண்டும் என்னும் விழைவு அவரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது. டோக்கியோ இம்பீரியல் புகைப்படக் கல்லூரியில் பயின்றார். அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க்கில் ஓராண்டு பயின்று பட்டயம் பெற்றார்.

இதனை ஒரு வரியில் எழுதிவிட்டோம். ஆயினும் 1930களில் ஒரு தமிழ் இளைஞர் இம்முடிவுக்கு வருவது எத்துணை அரிது என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகைப்படம் எடுப்பதைக் கல்வியாக எவரும் கருதாத காலம் அது. பட்டணத்துக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோ இருக்கும். அதனுள்ளே தூண்களும் பூந்தோட்டமும் தீட்டிய திரைச்சீலை தொங்கும். அதன் முன்னே நாற்காலியில் குடும்பத் தலைவர் கையை முழங்காலில் ஊன்றி அமர்ந்திருப்பார். திருமணத்திற்கு ஒரு படம், மணிவிழாவிற்கு ஒரு படம் என்பதோடு பலருடைய வாழ்வில் அக்கலையின் வேலை முடிந்துவிடும். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சியவர்களும் உண்டு. நம் சமுதாயப் பெரியவர்களிடையே உருவப்படம் குறித்து மார்க்க அடிப்படையிலான தயக்கம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. பின்னாளில் கடல் கடந்து செல்வதற்குக் கடவுச்சீட்டு தேவைப்பட்டபோது, ஹஜ் பயணத்திற்காகவே வாழ்நாளில் முதன்முறையாகக் கருவியின் முன் நின்றோர் பலர். அவ்வாறு எடுக்கப்பட்ட சிறு படமே இன்று சில குடும்பங்களில் பாட்டனாரின் முகத்தைக் காட்டும் ஒரே சான்றாக எஞ்சியிருக்கிறது. தேவை தயக்கத்தைத் தளர்த்துகிறது. காலம் தேவையையும் செல்வமாக்கி விடுகிறது.

1937ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டின் சனவரித் திங்களில் காந்தியடிகள் திருவிதாங்கூருக்கு வந்திருந்தார். 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை ஒட்டி அமைந்த பயணம் அது. அப்போது திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டிற்கும் அவர் வந்தார். எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட கோயில்களுக்குத் தாமும் சென்றார். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், உலகின் மறுகோடியில், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்றுகொண்டிருந்த ‘சமாரியா’ என்னும் கப்பலில் செட்டியார் இருந்தார். அண்ணலின் பிறந்த நாளாகிய அன்று, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, அவர் வாழ்வைத் திரைப்படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருள்ளத்தில் உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. கையில் பெரும்பொருள் இல்லை. பின்னே ஒரு நிறுவனமும் இல்லை.

பயிற்சி பெற்ற ஒரு புகைப்படக் கலைஞர் என்ன செய்வார்? கருவியை எடுத்துக்கொண்டு சேவாகிராமத்திற்குச் சென்று படம் பிடித்திருப்பார். செட்டியாரும் காந்தியடிகளைப் படம் பிடித்தார். ஆனால் அஃது அவர் திட்டத்தின் ஒரு சிறு பகுதியே. அண்ணலுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. தென்னாப்பிரிக்கப் போராட்டமும், ஒத்துழையாமையும், தண்டி யாத்திரையும் நடந்து முடிந்துவிட்டன. நடந்து முடிந்ததை எந்தக் கருவியாலும் இனிப் படம் பிடிக்க இயலாது. ஆனால் யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் அன்றே அதனைப் பிடித்து வைத்திருக்கக்கூடும் அன்றோ? அதனைத் தேடிக் கண்டெடுப்பதே தம் வேலை என்று அவர் முடிவு செய்தார். தம் கைத்திறத்தைக் காட்டுவதற்காகக் கற்ற கலையை, பிறர் கைத்திறத்தை இனங்காணுவதற்குப் பயன்படுத்தினார். அவர் வாழ்வின் சிறப்பெல்லாம் இம்முடிவிலேயே அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

‘டாக்குமெண்டரி பிலிம்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பயணம் புறப்பட்டார். இந்தியாவின் பல பகுதிகள், தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா எனச் சுற்றி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் தொலைவு பயணம் செய்தார். வான்வழிப் பயணம் அரிதாயிருந்த காலத்தில் இதன் பெரும்பகுதி கப்பலிலும் ரயிலிலும் கழிந்தது.

தென்னாப்பிரிக்கப் பயணத்தைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் நிறுவனத்திற்கு வழக்கறிஞர் பணி செய்யவே 1893இல் காந்தியடிகள் அந்நாட்டிற்குச் சென்றார். ஓராண்டிற்கென்று சென்றவர் 1914 வரை, இடையே சில காலம் நீங்கலாக, அங்கேயே வாழ நேர்ந்தது. அவரோடு தோள் நின்றவர்களுள் குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் இருந்தனர். கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தனர். சிறை சென்று நோயுற்று 1914இல் மறைந்த இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை இருந்தார். திரைப்படக் கலையே குழந்தைப் பருவத்தில் இருந்த அக்காலத்தில் இவர்களை யார் படம் பிடித்திருப்பார்? செல்வர் வீட்டுத் திருமணத்தை எடுக்கும் கருவி, கூலியாளின் நடைப்பயணத்தைத் தேடி வருவது அரிது. ஆயினும் செட்டியார் அந்நாட்டிற்குச் சென்று, அண்ணல் வாழ்ந்த இடங்களையும் அவரோடு பழகியவர்களையும் தேடினார். 1904இல் தொடங்கப்பட்ட பீனிக்ஸ் குடியிருப்பு போன்ற இடங்கள் அவர் தேட வேண்டிய சுவடுகளாக இருந்தன. மனிதர் நீங்கிச் சென்ற இடத்தைக் காட்டி, அங்கு வாழ்ந்த மனிதரை நினைவூட்டுவதும் புகைப்படக் கலையின் ஒரு நெறியே.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேடல் வேறு வகையாக இருந்தது. அங்கே செய்திப்பட நிறுவனங்கள் இருந்தன. உலக நிகழ்ச்சிகளைப் படம் பிடித்து, வாரந்தோறும் திரையரங்குகளில் காட்டுவது அவற்றின் தொழில். காட்டி முடித்த சுருளைக் கிடங்கில் அடுக்கி வைப்பர். அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் கலந்த செல்லுலாய்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீரூற்றியும் அணைப்பது கடினம். தீப்பற்றாவிடினும் ஈரத்தாலும் வெப்பத்தாலும் நாளடைவில் பொடியாக உதிரும். எனவே தேடுபவர் காலத்தோடும் போட்டியிட வேண்டியிருந்தது. பட்டியல் இல்லாத கிடங்குகளில், பெயர் மாறிப் பதிந்த பெட்டிகளில், பல நாட்டு நிகழ்ச்சிகளுக்கிடையே அரை நிமிடமே ஓடும் ஒரு துண்டில் அண்ணலின் உருவம் இருக்கும். அதனைக் கண்டு, உரிமையாளரிடம் பேசி, விலை கொடுத்து, பிரதி எடுத்து, சுங்கம் கடந்து சென்னைக்குக் கொண்டுவர வேண்டும்.

தொழில்நுட்பம் சார்ந்த இன்னொரு தொல்லையும் உண்டு. பேசாப் படக் காலத்தில் ஒரு வினாடிக்குப் பதினாறு, பதினெட்டுக் கட்டங்கள் என்ற அளவில் படம் பிடித்தனர். பேசும் படம் வந்தபின் வினாடிக்கு இருபத்து நான்கு கட்டங்கள் என்பது நிலைபெற்றது. பழைய சுருளைப் புதிய வேகத்தில் ஓட்டினால் திரையில் தோன்றுவோர் பரபரவென்று ஓடுவர். இயல்பாகவே விரைந்து நடப்பவரான காந்தியடிகள், இதனால் பார்ப்போருக்கு நகைப்பூட்டும் வகையில் தோன்றிவிடக்கூடும். ஒரு மகானின் நடையைத் திரையில் இயல்பாகக் காட்டுவதற்குக்கூடத் தேர்ந்த கையும் கண்ணும் வேண்டும் என்பதை இதனால் உணரலாம்.

இங்கே வேறொரு செய்தியையும் நினைவுகூர்தல் தகும். காந்தியடிகள் படம் எடுக்கப்படுவதை விரும்பாதவர். அவருடைய உறவினரான கனு காந்தி என்னும் இளைஞர் சேவாகிராமத்தில் படம் எடுக்க அனுமதி கேட்டபோது மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. படத்திற்கென்று நிற்கவோ அமரவோ சொல்லக் கூடாது. அதற்கான செலவை ஆசிரமத்திடம் கேட்கக் கூடாது. ஜி. டி. பிர்லா அளித்த நூறு ரூபாயைக் கொண்டு கனு காந்தி கருவி வாங்கினார். இந்நிபந்தனைகள் கலைஞனுக்கு இடையூறு போலத் தோன்றும். உண்மையில் அவை சிறந்த பாடங்கள். இயற்கை ஒளியில், தம் வேலையில் ஆழ்ந்திருக்கும் மனிதரை, அவர் அறியா வண்ணம் பதிவு செய்தல் என்பதற்கு மேலான புகைப்பட நெறி வேறென்ன இருக்க முடியும்? செட்டியார் தேடித் திரட்டிய காட்சிகளும் இவ்வகையினவே. அவற்றை எடுத்தவர்களுக்காக அண்ணல் நின்றதில்லை. அவர் நடந்தார், அவர்கள் பின்தொடர்ந்தனர்.

இவ்வாறு முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகள், ஐம்பதாயிரம் அடி நீளத்திற்குச் சேர்ந்தன. பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால் இவை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஓடும். அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடி மட்டுமே படத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அஃதாவது இரண்டே கால் மணி நேர அளவு. நான்கில் மூன்று பங்கிற்கு மேல் ஒதுக்கப்பட்டுவிட்டது. கடல் கடந்து கெஞ்சிப் பெற்று வந்த ஒன்றைத் தம் கையாலேயே வெட்டி விலக்குவது எத்துணை கடினம் என்பதைத் தொகுப்புப் பணி செய்தோர் அறிவர். தேடுவதற்கு ஆர்வம் போதும். விலக்குவதற்குத் துறவு மனம் வேண்டும். பாரிசில் பயின்று வந்தவரும் இந்திய ஆவணப்பட முன்னோடிகளுள் ஒருவருமான பி. வி. பதி இம்முயற்சியில் செட்டியாருக்குத் துணைநின்றார்.

1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சென்னை ராக்ஸி திரையரங்கில் தமிழ்ப்படம் வெளியாயிற்று. தொடர்ந்து தெலுங்கு வடிவமும் வந்தது. காந்தியடிகளின் வாழ்வைக் கூறும் முழுநீள ஆவணப்படம் முதலில் தமிழில்தான் பேசியது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. அந்நாளில் செட்டியாருக்கு வயது இருபத்தொன்பதுகூட நிறையவில்லை.

நூறு ஒளிப்பதிவாளர் என்னும்போது நம் ஊர்ப் பெரும்புலவர் ஒருவர் நினைவிற்கு வருகிறார். கோட்டாறு இடலாக்குடியில் 1874இல் தோன்றிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் அவையில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்திக் காட்டியவர். கதராடை உடுத்தி, விடுதலை இயக்கத்திற்கு ஆதரவாக நின்றவர். அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். பாவலர் நூறு வினாக்களை உள்ளத்தில் நிறுத்திக் குழப்பமின்றி விடை தந்தார். செட்டியார் நூறு பேர் எடுத்த காட்சிகளை உள்ளத்தில் நிறுத்தி ஒரே வாழ்வாகக் கோத்தார். துறை வேறு, உள்ளத்தின் பயிற்சி ஒன்றே. பாவலரின் அவதானத்தைப் படச்சுருளில் பதிந்து வைக்க அவருக்கென ஒரு செட்டியார் வாய்க்கவில்லையே என்னும் ஏக்கமும் நமக்கு எழாமல் இல்லை.

படம் வெளியான காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தபின் காந்தியடிகள் சிறையிலடைக்கப்பட்டார். அவரைப் பற்றிய படம் தடையின்றி ஓடும் சூழல் நாட்டில் இல்லை. விடுதலை வந்த 1947இல் இந்தி வடிவம் தில்லியில் திரையிடப்பட்டது. பின்னர்ச் செட்டியார் மீண்டும் அமெரிக்காவுக்குச் சென்றார். அமெரிக்க ஆசியவியல் கழகத்தின் பெயரில், ஹாலிவுட்டில் சுருக்கித் தொகுக்கப்பட்ட ஆங்கில வடிவம் 1953இல் வெளியாயிற்று. அதற்கு வருணனை கூறியவர் குவென்டின் ரெனால்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர்.

இவற்றிற்கிடையே 1943இல் அவர் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழைப் பற்றியும் கூறியாக வேண்டும். அப்பெயரைக் கேட்டதும் நம் மாவட்டத்தார்க்கு ஓர் உரிமையுணர்வு தோன்றும், தோன்றினால் குற்றமில்லை. தம் இறுதிக் காலம் வரை அவர் நடத்திய அவ்விதழ், பழைய ஏடுகளிலும் இதழ்களிலும் புதைந்து கிடந்த எழுத்துகளைத் தேடி எடுத்து மறுபடியும் அச்சிட்டது. பாரதியாரின் எழுத்துகள் பல இவ்வாறு வெளிச்சம் கண்டன. தமிழ்நாட்டைப் பற்றி முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். படச்சுருள் தேடிய அதே கண்தான் காகிதங்களுக்கிடையேயும் தேடியது. அவர் தொழிலை மாற்றிக்கொண்டதாகச் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை.

‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூலின் பெயரே மக்கள் வழக்கில் அவருக்குப் பட்டப்பெயராயிற்று. அவருடைய பயண எழுத்துகளில் சிறு சிறு தொடர்களே மிகுதி. கண்டதைச் சொல்வார், தம் வியப்பைச் சொல்லமாட்டார். ரயில் நிலையத்துப் பணியாள், உணவு விடுதிக்காரர், கப்பலில் உடன் வந்த முதியவர் எனச் சாதாரண மனிதர்களே அவர் பக்கங்களில் நடமாடுவர். ஒரு குறையையும் சுட்டுதல் நேர்மையாகும். தம்மை மறைத்துக்கொள்வதில் அவர் சில இடங்களில் எல்லை கடந்துவிடுகிறார். பொருளின்றி அயல்நாட்டில் அலைந்தபோது அவர் உள்ளம் பட்ட பாட்டை அறியும் ஆவலோடு படிப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கருவியின் பின்னே நிற்பவர் படத்தில் விழமாட்டார் என்னும் தொழில் ஒழுங்கை எழுத்திலும் அவர் விடவில்லை போலும். தம்மை முன்னிறுத்தி விளம்பரம் தேடும் பழக்கமும் அவரிடம் இருந்ததில்லை.

இதனால் நேர்ந்த விளைவையும் கூற வேண்டும். படைத்தவர் ஒதுங்கி நின்றார். படைப்பும் மெல்ல மக்கள் கண்ணினின்றும் மறைந்தது. ஒரு லட்சம் மைல் அலைந்து, பிறர் கிடங்குகளிலிருந்து மீட்டுக் கொணர்ந்த காட்சிகளைக் கொண்ட அப்படமே, பின்னொரு நாள் கிடங்குகளில் தேடப்பட வேண்டிய பொருளாயிற்று. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் தேடினார். 1953இல் வெளியான சுருக்க ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேகரிப்பில் இருப்பது அத்தேடலால் தெரியவந்தது. படம் உருவான வரலாற்றைக் ‘குமரி மலர்’ இதழில் செட்டியார் எழுதிவந்த கட்டுரைகளையும் அவரே தொகுத்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக 2003இல் பதிப்பித்தார். 2006இல் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தேடியவரை மற்றொருவர் தேடிக் கண்ட வரலாறு இது. தமிழ் படிக்கும் மாணவர் அந்நூலை ஒருமுறையேனும் கையிலெடுத்துப் பார்த்தல் வேண்டும். ஆய்வு என்பது என்னவென்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை, ஆனால் பக்கந்தோறும் அது நடைபெறுகின்றது.

1982ஆம் ஆண்டின் இறுதியில் ரிச்சர்டு அட்டன்பரோ இயக்கிய ‘காந்தி’ திரைப்படம் வெளியாயிற்று. 1983 ஏப்ரலில் அது எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. காந்தியடிகளாக நடித்த பென் கிங்ஸ்லியின் முகம் உலகெங்கும் சுவரொட்டிகளில் விளங்கியது. நம் ஊர்த் திரையரங்குகளிலும் மாணவர்கள் வரிசையில் நின்று அதனைக் கண்டனர். அண்ணலின் மெய்யான முகத்தையும் மெய்யான நடையையும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே திரட்டிக் கோத்துத் தந்த ஏ. கே. செட்டியார், அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காலமானார்.